குறைவது செல் அல்ல, ரத்தம்

"உங்கள் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை உறிஞ்சி எடுத்து, அதிலுள்ள ஸ்டெம் செல்லைப் பிரித்து, உடைந்த இடத்தில் ஊசியாகப் போட்டால் போதும், எலும்பு தானாக வளர்ந்துவிடும்." முறிந்த கால் மாதக்கணக்கில் கூடாமல் அவதிப்படுகிறவர் யாரும் இன்று இந்த வாக்குறுதியைக் கேட்காமல் இருக்க முடியாது. மருத்துவமனை விளம்பரத்தில் வருகிறது, யூடியூப் பேட்டியில் வருகிறது, நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் எதிர்காலச் சிகிச்சை என்ற தலைப்போடு வருகிறது. அறிவியல் படித்தவர்கள் சொல்லும்போது இதுவே சற்று மெருகேறுகிறது. ஸ்டெம் செல்தான் எலும்பைக் கட்டுகிற கொத்தனாராம். செராமிக்காலோ பாலிமராலோ செய்து உள்ளே வைக்கிற சாரம், கொத்தனார் ஏறி நிற்பதற்கான மூங்கில் கட்டு மட்டுமாம். கட்டடம் எழும்பியதும் அதற்கு வேலை இல்லையாம்.

இந்தப் படம் தவறு என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஸ்டெம் செல் பொய் என்று நான் வாதாட வரவில்லை. எலும்பு வளராமல் போகிற பெரும்பாலான இடங்களில் செல் போதாமல் அது நின்றுபோவதில்லை என்பதே என் வாதம். முறிந்த இடம் அசைந்துகொண்டே இருந்தது, சுற்றியிருந்த தசையும் தோலும் நசுங்கிப்போயின, ரத்தக் குழாய் அறுந்தது, கிருமி குடியேறியது. காரணங்கள் இவை. இவற்றைச் சரிசெய்தால் உடம்பு தன் செல்களைத் தானே அனுப்பும். சரிசெய்யாமல் கோடிக்கணக்கில் செல்லைக் கொட்டினாலும் அவை அங்கே சாகும்.

நம்பிக்கை பிறந்த இடம் நேர்மையான ஆய்வுதான். 1960-களில் மாஸ்கோவில் அலெக்சாண்டர் ஃப்ரீடன்ஸ்டைன் எலும்பு மஜ்ஜையை எடுத்து, எலும்பே இல்லாத உறுப்புகளில் வைத்துப் பார்த்தார். அங்கே எலும்பு உண்டானது. மஜ்ஜைக்குள் எலும்பாக மாறக்கூடிய செல் இருக்கிறது என்பது அன்றே உறுதியாயிற்று. ஆனால் அதே பத்தாண்டில் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த இன்னொரு சோதனையை நம் மேடைகளில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. மார்ஷல் யூரிஸ்ட் எலும்புத் துண்டுகளை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து அவற்றின் சுண்ணாம்புச் சத்தை நீக்கினார். மிஞ்சியது வளையக்கூடிய புரதக் கூடு. உயிருள்ள செல் அதில் ஒன்றுமில்லை. அதை விலங்குகளின் தசைக்குள் வைத்துத் தைத்தார். சில வாரங்களில் தசைக்கு நடுவே எலும்பு வளர்ந்திருந்தது, உள்ளே மஜ்ஜையோடு. 1965-இல் சயன்ஸ் இதழில் வெளியான ஆய்வு இது. அங்கே செல்லை எவரும் கொண்டுபோய்ப் போடவில்லை. அந்த விலங்கின் உடம்பிலிருந்தே செல்கள் வந்தன. கூட்டில் ஒட்டியிருந்த புரதங்கள் அவற்றை வரவழைத்து எலும்புச் செல்லாக மாற்றின. மூங்கில் கட்டு என்று ஒதுக்கப்பட்ட பொருள்தான் அங்கே கொத்தனாரைக் கூப்பிட்டு வேலையும் கற்றுக்கொடுத்தது.

சைபீரியாவின் குர்கான் நகரில் கவ்ரில் இலிசாரோவ் 1950-களிலிருந்து செய்துகாட்டியதற்கு அந்தக் கூடுகூடத் தேவைப்படவில்லை. எலும்பைப் பக்குவமாக வெட்டி, வளையங்களில் இழுத்துக் கட்டிய மெல்லிய கம்பிகளால் இரு துண்டுகளையும் பிடித்து, சில நாள் பொறுத்து, பிறகு நாளுக்கு 1 மி.மீ. வீதம் துண்டுகளை விலக்கினார். விலகிய இடைவெளியில் புது எலும்பு நிரம்பியது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்ற வலேரி புருமெல், மறு ஆண்டே மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் சிதைந்து, அறுவை மேல் அறுவை செய்தும் தேறாமல், கடைசியில் இலிசாரோவிடம் போய்த்தான் காலை மீட்டார்.

நம் அரசு மருத்துவமனை எலும்பு வார்டுகளில் இந்த முறையை இன்றும் பார்க்கலாம். 'ரிங்' போட்ட காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் பையன் படுத்திருப்பான். பக்கத்தில் அவன் அம்மா கையில் சின்ன ஸ்பேனர். கம்பியின் மரை ஒரு முழுச் சுற்றுக்கு 1 மி.மீ. நகரும்படி வெட்டப்பட்டிருக்கும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை கால் சுற்று என்றால் ஒவ்வொரு முறையும் 0.25 மி.மீ. வேகமாகத் திருப்பினால் இடைவெளியில் எலும்புக்குப் பதில் நார்த்திசுதான் வரும். மிக மெதுவாகத் திருப்பினால் எலும்பு முன்கூட்டியே இறுகி, விலக மறுக்கும். சில வாரம் கழித்து எடுக்கும் எக்ஸ்ரேயில் அந்த இடைவெளியில் நீளவாக்கில் மங்கலான வெள்ளைக் கீற்றுகள் தெரியும். கம்பி துளைத்த இடத்தில் சீழ் பிடிக்கும், வலி இருக்கும், மாதக்கணக்கில் தூக்கம் கெடும். அதை எளிய சிகிச்சை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பல செ.மீ. எலும்பை ஒரு சாதாரண மனித உடம்பு வெளியிலிருந்து ஒரு செல்லும் வாங்காமல் வளர்த்துவிடும் என்பதற்கு அதைவிடக் கண்ணெதிர் சான்று வேண்டியதில்லை. பிடிப்பும் ரத்தமும் சரியான அளவு இழுவிசையும் இருந்தன. செல் தானே வந்தது.

பிடிப்பு என்பதற்கு அளவே இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் ஸ்டீபன் பெரென் விளக்கியபடி, முறிவின் இடைவெளியில் திசு ஏறக்குறைய 2 சதவீதத்துக்கு மேல் நீண்டு சுருங்கினால் அங்கே எலும்பு உருவாகாது. 10 சதவீதம் வரை குருத்தெலும்பு தாங்கும். அதற்கும் மேலென்றால் வெறும் காயத் திசுதான். ஸ்டெம் செல் எத்தனை வீரியமானதாக இருந்தாலும் ஆடிக்கொண்டிருக்கும் முறிவுக்குள் போனால் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது.

சரி, உள்ளே போடப்படும் செல்லுக்கு என்ன ஆகிறது? உயிருள்ள செல் பிழைக்க வேண்டுமானால் ரத்த நுண்குழாய் 100 முதல் 200 மைக்ரோமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் உட்பட்ட தூரம் அது. காலெலும்பில் விழுந்த 5 செ.மீ. ஓட்டையில் சாரத்தைச் செருகி, அதன் நடுவில் செல்லை வைத்தால், வெளியிலிருந்து நுண்குழாய் முளைத்து நடுவுக்கு வர வாரங்கள் ஆகும். அதுவரை செல் எதைத் தின்று உயிர் வாழும்? பாரிஸில் எர்வே பெட்டிட்டின் குழு இந்தக் கேள்வியைத் துருவிப் பார்த்தது. ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லாவிட்டாலும் இந்தச் செல்கள் தாக்குப்பிடிக்கின்றன, குளுக்கோஸ் தீர்ந்ததும் செத்துவிடுகின்றன என்பது 2013-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு. பட்டினிச் சாவு என்றே சொல்லலாம். ஆய்வகத்தில் வாரக்கணக்கில் வளர்த்து, எண்ணி, பரிசோதித்து, பெருஞ்செலவில் கொண்டுவந்த செல்களில் பெரும் பகுதி சில நாட்களிலேயே இப்படி அழிகிறது. அப்படியும் சில சோதனைகளில் பலன் தெரிகிறதே என்றால், செல் சாவதற்குள் சுரந்த பொருள்கள் சுற்றியுள்ள உள்ளூர்ச் செல்களையும் குழாய்களையும் தூண்டியதுதான் அதற்குப் பெரிதும் காரணம். 1991-இல் இவற்றை மீசன்கைமல் ஸ்டெம் செல் என்று அழைக்கத் தொடங்கிய ஆர்னால்டு கேப்லனே, செலுத்தப்பட்ட செல்கள் புதுத் திசுவாக மாறுவதைவிடக் காயத்தில் மருந்துகளைச் சுரப்பதுதான் அவற்றின் உண்மையான வேலை என்று 2017-இல் எழுதினார். ஆக, கொத்தனார் என்று நாம் அனுப்பியவர் சுவர் எழுப்பவே இல்லை.

எதிர்த்தரப்பின் பலமான சான்றுகளைத் தவிர்த்துவிட்டு வாதாடுவது நியாயமல்ல. அவற்றுள் புகழ்பெற்றது இத்தாலியின் ரொடோல்ஃபோ குவார்ட்டோ, ரனியேரி கான்செடா குழு 2001-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்டது. மூன்று நோயாளிகள், எலும்பில் 4 முதல் 7 செ.மீ. வரை இடைவெளி. அவர்களுடைய மஜ்ஜைச் செல்லை ஆய்வகத்தில் பெருக்கி, துளைகள் கொண்ட ஹைட்ராக்சிஅபடைட் செராமிக்கில் ஏற்றிப் பொருத்தினார்கள். எலும்பு கூடியது, கால், கை பயன்பாட்டுக்கு வந்தன. ஆண்டுகள் கழித்தும் நிலைத்திருந்தது. அழகான வேலை, மறுக்கவில்லை. ஆனால் அதே செராமிக்கைச் செல் இல்லாமல் பொருத்திய ஒரு நோயாளிகூட அந்த ஆய்வில் இல்லை. கூடியது செல்லாலா, செராமிக்காலா, வெளியே போட்ட பிடிப்பாலா? அந்த மூன்று பேரை வைத்து அதைப் பிரித்துச் சொல்ல வழியே இல்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக 'ஸ்டெம் செல் எலும்பை வளர்த்தது' என்று மேற்கோள் காட்டப்படுவது இந்த ஆய்வுதான். அந்த நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்ததில் உண்மையில் வெளிப்பட்ட பாடம் சாரத்தைப் பற்றியது: 6, 7 ஆண்டுகள் கழித்தும் அந்த செராமிக் கரையாமல் எலும்புக்குள் அப்படியே இருந்தது. புது எலும்பு முழுமையாகத் தன் இடத்தைப் பிடிக்க வேண்டுமானால் சாரம் எந்த வேகத்தில் கரைய வேண்டும் என்பது அங்கிருந்துதான் அவசரக் கேள்வியாகிறது.

2019-இல் வெளியான ஐரோப்பியக் கூட்டு ஆய்வில் 28 பேர். எலும்பு கூடாத முறிவுகளில், பெருக்கிய மஜ்ஜைச் செல்லைக் கால்சியம் பாஸ்பேட் மணிகளோடு கலந்து வைத்தார்கள். பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் கூடியது. பாதுகாப்பானது என்று நிரூபணமாயிற்று. ஒப்பிட்டுப் பார்க்கும் பிரிவு அதிலும் கிடையாது.

என் வாதத்துக்கு உண்மையிலேயே சவால் விடுவது பிரான்சின் ஃபிலிப் ஹெர்னிகோ 2005-இல் வெளியிட்ட ஆய்வு. முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு கூடாமல் நின்ற 60 பேருக்கு, இடுப்பிலிருந்து எடுத்த மஜ்ஜையைச் செறிவாக்கி ஊசியால் செலுத்தினார். 53 பேருக்குக் கூடியது. கூடாத 7 பேருக்குப் போன மஜ்ஜையில் மூலச் செல்களின் எண்ணிக்கை தெளிவாகக் குறைவு. செல்லின் அளவு கணக்கில் உண்டு என்பதற்கு இது நல்ல சான்று; நான் ஏற்கிறேன். ஆனால் அந்த 60 பேரும் யார்? கிருமித் தொற்று இல்லாதவர்கள். ஆய்வகத்தில் வளர்த்த செல் இல்லை. ஒரே மயக்க மருந்தில் எடுத்துச் செறிவாக்கிய சொந்த மஜ்ஜை. அதாவது மற்ற நிபந்தனைகள் நிறைவேறிய இடத்தில், கடைசிக் குறையாகச் செல் இருந்தபோது, செல் உதவியது. நசுங்கி, சீழ் பிடித்து, பாதி எலும்பு வெளியே தெரியும் காலுக்கு அந்த முடிவைப் பெயர்த்துக் கொண்டுபோவதில்தான் பிழை இருக்கிறது.

'இடுப்பெலும்பு ஒட்டு வெற்றி பெறுவதே அதிலிருக்கும் உயிர்ச் செல்லால்தானே' என்று கேட்பார்கள். இடுப்பெலும்பின் விளிம்பிலிருந்து சுரண்டி எடுக்கும் பஞ்செலும்புதான் இன்றும் அறுவை மருத்துவர்கள் மற்ற எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோல். எடுத்த இடத்தில் நெடுநாள் வலி இருக்கிறது என்பதால்தான் மாற்றுத் தேடுகிறோம். ஆனால் ஒட்டிய எலும்பிலுள்ள செல்களில் பெரும்பாலானவை சாகின்றன. பழைய எலும்பை உடம்பு மெல்ல அரித்து, அந்த இடத்திலேயே புது எலும்பை வைத்துக்கொண்டே போகிறது. பஞ்செலும்பு கெட்டியெலும்பைவிட விரைவாகப் பிடிப்பதற்கு முக்கியக் காரணம் அதன் இடைவெளிகளில் ரத்தக் குழாய் சுலபமாக நுழைவது. அதே ஒட்டை வெவ்வேறு சூழலில் வைத்தால் என்ன ஆகும் என்று பிரான்சின் அலென் மஸ்கெலே நமக்குக் காட்டிவிட்டார். பெரிய இடைவெளியில் நேரடியாக வைத்த பஞ்செலும்பு கரைந்துபோகக்கூடும். அவர் முதலில் அந்த இடைவெளியில் எலும்பு சிமென்ட்டை அடைத்துத் தைத்துவிடுவார். சிமென்ட்டைச் சுற்றி உடம்பு ரத்தக் குழாய் மிகுந்த ஒரு சவ்வைப் போர்த்தும். 6 முதல் 8 வாரம் கழித்து சவ்வைக் கீறி, சிமென்ட்டை எடுத்துவிட்டு, அந்தப் பைக்குள் பஞ்செலும்பை நிரப்பினால் அது கரையாமல் எலும்பாகிறது. 20 செ.மீ.-க்கும் கூடுதலான இடைவெளிகள்கூட இப்படி நிரம்பியிருக்கின்றன. செல் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். சூழ்ந்திருந்த சவ்வும் அதன் ரத்தமும்தான் வேறு.

சாரம் செயலற்றது என்ற எண்ணமும் ஆய்வகத்திலேயே உடைந்துபோனது. 2006-இல் பென்சில்வேனியாவில் ஆடம் எங்க்லரும் டென்னிஸ் டிஷரும் மனித மஜ்ஜைச் செல்களை வெவ்வேறு விறைப்புள்ள ஜெல்களின் மேல் வளர்த்தார்கள். வளர்ப்புத் திரவம் ஒன்றே. மூளை அளவுக்கு மென்மையான ஜெல்லில் இருந்தவை நரம்புச் செல்லின் குணத்தைக் காட்டின. தசையளவு விறைப்பில் தசைச் செல்லாக. இன்னும் விறைப்பானதில் எலும்புச் செல்லின் வழியில் போயின. மறு ஆண்டு கிளாஸ்கோவில் மேத்யூ டால்பி குழு பிளாஸ்டிக் பரப்பில் 120 நானோமீட்டர் அகலக் குழிகளைப் பொறித்தது. ஒழுங்கான வரிசையில் குழி இருந்தால் செல் சும்மா இருந்தது. வரிசையைச் சற்றே கலைத்ததும், எலும்பாக்கும் ரசாயனம் எதுவும் சேர்க்காமலே, தாது படியத் தொடங்கியது. எந்தச் செல் என்னவாக வேண்டும் என்பதை அது நிற்கும் தரை தீர்மானிக்கிறது. துளைகள் 300 மைக்ரோமீட்டருக்கு மேல் அகலமாகவும் ஒன்றோடொன்று திறந்தும் இருந்தால் ரத்தக் குழாய் உள்ளே போகும்; துளை அடைபட்டால் நடுப்பகுதி செத்த கல்லாகவே கிடக்கும். இத்தனையும் சாரத்தின் வேலை.

2004-இல் ஜெர்மனியின் கீல் நகரில் நடந்த ஒன்றை உலகப் பத்திரிகைகள் கொண்டாடின. புற்றுநோய் அறுவையில் கீழ்த்தாடையை இழந்து ஆண்டுக்கணக்கில் திட உணவு சாப்பிட முடியாதிருந்த ஒருவருக்கு, ஸ்டெம் செல்லால் புதுத் தாடை வளர்க்கப்பட்டதாகச் செய்தி. பேட்ரிக் வார்ன்கே குழு செய்தது என்ன? தாடையின் வடிவில் டைட்டானியம் வலையைச் செய்து, எலும்புத் தாதுக் கட்டிகளை நிரப்பி, எலும்பைத் தூண்டும் பி.எம்.பி.-7 என்ற புரதத்தையும் 20 மி.லி. மஜ்ஜையையும் சேர்த்தார்கள். பிறகு அதை வாயில் வைக்கவில்லை. நோயாளியின் முதுகுத் தசைக்குள் வைத்துத் தைத்து, 7 வாரம் காத்திருந்தார்கள். பிறகு தசையோடும் அதன் ரத்தக் குழாயோடும் சேர்த்து வெட்டியெடுத்து, கழுத்துக் குழாயில் இணைத்து, தாடையாகப் பொருத்தினார்கள். அவர் மறுபடி மென்று சாப்பிட்டார். அந்த முதுகுத் தசை இல்லாவிட்டால் எதுவும் நடந்திருக்காது. நல்ல ரத்த ஓட்டம் உள்ள ஓரிடத்தைத் தேடி முதுகுவரை போனதுதான் அந்த அறுவையின் மேதைமை. தலைப்புச் செய்தியில் இடம்பெற்றது 20 மி.லி. மஜ்ஜை.

ஒரே ஒரு பொருள் எலும்பை வளர்த்துத் தரும் என்று நம்பி ஏற்கெனவே ஒரு முறை அடிபட்டிருக்கிறோம். யூரிஸ்ட் கண்ட புரதங்களில் ஒன்றான பி.எம்.பி.-2, 2002-இல் அமெரிக்காவில் முதுகெலும்பு அறுவைக்கு அனுமதி பெற்றது. உடம்பில் நுண்ணளவில் சுரப்பதை மில்லிகிராம் கணக்கில் ஸ்பாஞ்சில் நனைத்து வைத்தார்கள். நிறுவனங்களின் பண உதவியோடு நடந்த 13 ஆய்வுகளில் 780 நோயாளிகள். பக்கவிளைவு ஒன்றுமில்லை என்றே எழுதினார்கள். 2008-இல், கழுத்தெலும்பில் பயன்படுத்தியபோது வீக்கம் மூச்சுக்குழாயை அழுத்தி உயிருக்கே ஆபத்து வருவதாக அமெரிக்க அரசு எச்சரித்தது. 2011-இல் யூஜின் கரேஜி குழு பதிவுகளை மறுபடி ஆராய்ந்து, உண்மையான பக்கவிளைவுகள் முதலில் சொன்னதைவிட 10 முதல் 50 மடங்கு கூடுதல் என்று கணித்தது. நல்ல பொருள்தான் அது. பிடிப்பையும் ரத்தத்தையும் மறந்து, அதை மட்டும் ஏற்றிக்கொண்டே போனதில் வந்த கேடு.

நம் மாநிலத்துக்கு இது பக்கத்து வீட்டு விஷயம். தமிழ்நாட்டில் 2022-இல் மட்டும் 64,000-க்கும் மேற்பட்ட சாலை விபத்துகள் பதிவாகின. இரு சக்கர வாகனத்தில் அடிபட்டவர்களுக்கு அதிகம் சிதைவது முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு. உங்கள் கணுக்காலுக்கு மேல் கையை வைத்துப் பாருங்கள். அந்த எலும்பின் உட்புறத்தில் தோல் மட்டும்தான் இருக்கிறது, தசை இல்லை. தோல் போனால் எலும்பு காற்றில் கிடக்கும். அதனால்தான் கோவை கங்கா மருத்துவமனையின் எஸ். ராஜசேகரன் குழு 2006-இல் வெளியிட்ட, உலகெங்கும் பயன்படும் மதிப்பெண் முறை எலும்பை மட்டும் அளக்கவில்லை. தோலுக்கு ஒன்று, எலும்புக்கு ஒன்று, தசை, தசைநார், நரம்புக்கு ஒன்று என்று தனித்தனியே மதிப்பிட்டுக் கூட்டுகிறது. அந்தக் காலைக் காப்பாற்றுவது முதல் சில நாளில் செத்த திசுவை முழுக்க வெட்டி நீக்கும் கையும், பிளாஸ்டிக் சர்ஜன் கொண்டுவந்து போர்த்தும் தசையும்தான். அந்த வாய்ப்பு மாவட்ட மருத்துவமனையில் கிடைக்காமல் ஊர் ஊராக அலைந்து, ஆறு மாதம் கழித்து எலும்பு கூடாமல் நிற்கும் ஒருவரிடம் 'ஸ்டெம் செல் போடலாம், லட்சக்கணக்கில் ஆகும்' என்று சொல்வது எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. அந்தக் குடும்பம் நிலத்தை அடகு வைக்கும். புகைப்பதை விடச் சொல்லி, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, தளர்ந்துபோன பிளேட்டை மாற்றி, சீழைச் சுத்தம் செய்வதற்கு அதில் ஒரு பகுதி போதும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-இல் கூட்டாக வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாகவே இருக்கிறது: ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்றைத் தவிர வேறெதற்கும் ஸ்டெம் செல்லை வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்கக் கூடாது; மற்றவை அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே நடக்கலாம்; ஆய்வில் சேர்ந்தவரிடம் பணம் வாங்கக் கூடாது. அதன் பிறகு ஒரு சில செல் தயாரிப்புகளுக்குக் குறிப்பிட்ட நோய்களுக்காக மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி தனியே அனுமதி தந்தது உண்மை. ஒரு நோய்க்குக் கிடைத்த அனுமதியைக் காட்டி எல்லா எலும்புக்கும் விற்பதற்கு அது உரிமம் ஆகாது.

கதிர்வீச்சு பட்டுச் செல்லெல்லாம் அழிந்துபோன தாடையிலும், மஜ்ஜையே வற்றிய முதியவரின் எலும்பிலும் வெளியிலிருந்து செல் தேவைப்படலாம். அங்கே ஆராய்ச்சி தொடரட்டும். ஆனால் எப்படி நடத்த வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. ஒரே சாரம், ஒரே பிடிப்பு, ஒரே அறுவைக் குழு. குலுக்கலில் பாதிப் பேருக்குச் செல்லோடு, மீதிப் பேருக்குச் செல் இல்லாமல். எக்ஸ்ரேயைப் பார்த்து முடிவு சொல்பவருக்கு யார் எந்தப் பிரிவு என்று தெரியக் கூடாது. சாரத்துக்குள் ரத்தக் குழாயை விரைவாக வரவழைக்கும் வேலைக்கு, செல்லைப் பெருக்கும் ஆய்வகத்துக்கு ஒதுக்குகிற அளவு பணம் ஒதுக்க வேண்டும். செல் சேர்த்த பிரிவு தெளிவாக முந்தியது என்ற முடிவு அப்படி ஒரு சோதனையிலிருந்து வரும்வரை, அந்தச் செல்லுக்கென்று எந்த எலும்பு நோயாளியிடமும் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது.